கேஷ் நம்ம காசுதானா?

‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய ‘காசு’விலிருந்து போனதுதான் என்று சொல்லும் வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் எப்போதாவது வந்திருக்கும். குடும்பக் குழுவில் பெரியப்பா யாராவது போட்டிருப்பார். கீழே நாலு பேர் கைகூப்பியிருப்பார்கள். உயர்நிலை ஒன்றில் படிக்கும் பிள்ளை அதை வகுப்பில் போய்ச் சொன்னால், ஆங்கில ஆசிரியர் அகராதியைப் பார்த்துவிட்டு “இல்லையே, பிரெஞ்சு, லத்தீன் என்றல்லவா போட்டிருக்கிறது” என்பார். பிள்ளை வீட்டுக்கு வந்து நம் முகத்தைப் பார்க்கும்.

பெரியப்பாவும் ஆசிரியரும் ஆளுக்குப் பாதி சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் கேஷ் என்பது ஒரு சொல் அல்ல, இரண்டு. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, இரண்டுமே பணம் சம்பந்தப்பட்டவை. ஆனால் ஒன்றின் வேர் ரோமாபுரியில் இருக்கிறது. இன்னொன்று தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கப்பலேறியது. ஒரு சொல்லின் பிறப்பைத் தேடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே இதையே எடுத்துக்கொண்டு நடந்து பார்ப்போம்.

முதலில் அகராதியைப் பார்க்கும் விதம். பெரிய ஆங்கில அகராதிகளில் சில சொற்களின் தோளில் சின்னதாக 1, 2 என்று எண் ஒட்டியிருக்கும். பலரும் அதைக் கவனிப்பதே இல்லை. அந்த எண் இருந்தால், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்தச் சொற்கள் வெவ்வேறு குடும்பத்தில் பிறந்தவை என்று பொருள். ஒரே சொல்லுக்குப் பல அர்த்தங்கள் இருப்பது வேறு விஷயம், அவை ஒரே பதிவுக்குள் வரிசையாக வரும். கேஷுக்கு இப்படி இரண்டு தனிப் பதிவுகள் உண்டு.

தமிழிலும் இது உண்டு, அதுவும் இதே சொல்லில். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைக் கொஞ்சும்போது “மாசறு பொன்னே வலம்புரி முத்தே, காசறு விரையே கரும்பே தேனே” என்கிறான். காசு இல்லாத வாசனை என்று பணக்கணக்காகப் படித்தால் புது மாப்பிள்ளை மனைவியைப் பார்த்துச் சொல்லும் வார்த்தையாக அது இருக்காது! இங்கே காசு என்றால் குற்றம். குற்றமற்ற நறுமணமே என்று பொருள். கையில் எண்ணும் காசுக்கும் இந்தக் காசுக்கும் எழுத்து மட்டும்தான் ஒன்று.

இப்போது முதல் கேஷ். சிங்கப்பூரின் தேக்காவில் கடை வாசலில் ‘கேஷ் ஒன்லி’ என்று அட்டை தொங்குகிறதே, அது இந்தக் கேஷ்தான். லத்தீனில் ‘காப்சா’ என்றால் பெட்டி. அது இத்தாலியில் ‘காஸ்ஸா’ ஆனது, பிரான்சில் ‘கேஸ்’ ஆனது. இரண்டுக்கும் பொருள் பெட்டி, குறிப்பாக வணிகர் பணம் வைக்கும் பெட்டி. அங்கிருந்து 1590-களில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது கேஷ் என்பதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது, அதற்குள் இருக்கும் ரொக்கம் என்ற பொருளும் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டு வாக்கில் பெட்டி மறைந்துவிட்டது, ரொக்கம் மட்டும் நின்றது.

பெட்டியின் பெயர் எப்படிப் பணத்தின் பெயராகும் என்று கேட்டால், நம்மூர் மளிகைக் கடையில் போய் நில்லுங்கள். கல்லா என்பது கடைக்காரர் பணம் போடும் பெட்டி. ஆனால் “இன்னைக்கு நல்லா கல்லா கட்டிட்டாங்க” என்றால் யாரும் பெட்டியைக் கயிற்றால் கட்டியதாக நினைப்பதில்லை. நிறைய வசூல் என்று புரிந்துகொள்கிறோம். தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று பெயர். தொடக்கநிலையிலேயே பிள்ளைகள் ‘ஊர் சிரித்தது’ என்று படிப்பார்கள். ஊர் சிரிக்காது, ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள். இருக்கும் இடத்தின் பெயர் இருக்கிற பொருளுக்கு வந்துவிட்டது. கேஷ் நடந்ததும் அதே வழியில்தான்.

அந்தக் காப்சாவின் பேரப்பிள்ளைகள் ஏராளம். சாமான் வைக்கும் கேஸ் ஒன்று. நம் வயதுக்காரர்கள் பாட்டுப் பதிந்து தேய்த்த கேசட் இன்னொன்று, அதற்குச் சின்னப் பெட்டி என்று பொருள். மாத்திரைக் கேப்ஸ்யூலும் சின்னப் பெட்டிதான். லாரியின் சேசிஸ்கூட சுற்றி வளைத்து இதே வீட்டுக்குத்தான் வந்து சேரும். கல்லாவில் உட்காருபவர் என்ற பொருளில் கேஷியரும் இந்த வம்சம். ஆனால் ராணுவத்தில் ஓர் அதிகாரியை அவமானப்படுத்திப் பதவி நீக்குவதையும் ஆங்கிலத்தில் ‘கேஷியர் செய்தார்கள்’ என்பார்கள். அதற்கும் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை, அது உடைத்தல், ரத்து செய்தல் என்ற பொருளுள்ள வேறு பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. கேஷ்யூ என்ற முந்திரிப்பருப்பும் இல்லை. பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழிச் சொல்லைப் போர்ச்சுகீசியர் ‘கஜூ’ என்று எடுத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பரப்பியது அது. மலாய்க்காரர்கள் காஜுஸ் என்பதும் அதனால்தான்.

சரி, இந்தக் கேஷ் தமிழ்க் காசுவிலிருந்து வரவில்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்வது? ஓசைதான் ஒன்றாக இருக்கிறதே? ஓசை ஒன்றாக இருப்பது சந்தேகத்தைக் கிளப்பப் போதும், தீர்ப்புச் சொல்லப் போதாது. பார்க்க வேண்டியது பொருள் வந்த வழி. ஆங்கிலத்தில் இது பெட்டி என்ற பொருளோடு நுழைந்தது. பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், போர்ச்சுகீசியம், ஜெர்மன், டச்சு என்று அக்கம்பக்கத்து மொழிகள் எல்லாவற்றிலும் இதன் உடன்பிறப்புகள் பெட்டி, கல்லா என்ற பொருளில் இன்றும் இருக்கின்றன. தமிழில் காசு ஒருநாளும் பெட்டியைக் குறித்ததில்லை. இன்னொன்று, ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதே 1600-இல். சென்னைக் கரையில் அவர்கள் கோட்டை கட்டும் முன்பே லண்டன் வணிகர்கள் கேஷ் என்று கணக்கெழுதத் தொடங்கிவிட்டார்கள்.

ஆசிரியர் பக்கம் முடிந்தது. இனிப் பெரியப்பா பக்கம். எனக்குப் பிடித்த பாதி இதுதான்.

தமிழில் காசு என்ற சொல், அதற்கு நாணயம் என்ற பொருள் வருவதற்கும் முந்தையது. குறுந்தொகையின் 67-ஆவது பாட்டில் ஒரு கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. பாட்டின் தலைவி அதை, புது நூலில் கோக்க ஒரு பொற்காசைக் கூர்நகத்தின் நுனியில் பிடித்திருப்பது போல என்கிறாள். அங்கே காசு என்பது அணிகலனில் கோக்கும் பொன்மணி. மார்கழியில் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் திருப்பாவை கேட்பவர்களுக்கு “காசும் பிறப்பும் கலகலப்பக் கைபேர்த்து” என்ற அடி பழக்கமாயிருக்கும். ஆய்ச்சியர் தயிர் கடையும்போது கழுத்தில் கலகலப்பது நாணயம் அல்ல, நகை. அதே சாலையில் நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் காசுமாலை தொங்குவதும் இந்த உறவின் மிச்சம்தான்.

பிறகு அது நாணயமானது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்தால், கோயிலுக்குக் கொடுத்த காசை ஊர்ச் சபைகள் கடனாக வாங்கிக்கொண்டு, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டிய கணக்கு வரும். அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வட்டி விகிதம் கல்லில் இருக்கிறது, கூடவே காசு என்ற சொல்லும் இருக்கிறது.

இந்தக் காசுக்கும் மூலம் வடமொழியின் ‘கர்ஷ’ என்று பல ஆங்கில அகராதிகள் போடுகின்றன. பொன்னையும் வெள்ளியையும் நிறுக்கும் ஓர் எடையின் பெயர் அது. திராவிடச் சொல்லாகவே கொள்வோரும் உண்டு. இதைப் படித்ததும் சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்க வேண்டியதில்லை. ஒரு சொல்லுக்கு முதல் ஊர் எது என்பது ஒரு கேள்வி. அதை அடுத்த மொழிக்குக் கொடுத்தது யார் என்பது வேறு கேள்வி. நம் கதைக்கு இரண்டாவதுதான் முக்கியம், அதில் அகராதிகள் தமிழையே காட்டுகின்றன.

கொடுத்தது தமிழ், வாங்கிக்கொண்டது போர்ச்சுகீசியம். 1498-இல் கள்ளிக்கோட்டைக்கு வந்தார்கள், 1511-இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அன்றைய மலாக்காவில் தமிழ் வணிகர்கள் பெரிய புள்ளிகள். நீனா சாத்து என்ற தமிழ் வணிகரை மலாக்காவின் பெண்டஹாராக்களில், அதாவது தலைமை அமைச்சர் போன்ற பதவியினரில், ஒருவராகவே போர்ச்சுகீசியர் அமர்த்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியக் கரையில் சில்லறை நாணயத்துக்குக் காசு என்று கேட்ட காது, கீழ்க்கடல் முழுக்கக் கண்ட சின்ன நாணயங்களுக்கெல்லாம் அதே பெயரை ஒட்டிவிட்டது. சொல்லும் பொருளும் ஆட்களும் ஒரே துறைமுகத்தில் நிற்கிறார்கள். சொற்பிறப்பியலில் இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அபூர்வம்.

அவர்கள் அதை எழுதிய விதத்தில்தான் விளையாட்டே இருக்கிறது. காசு என்று கேட்டதைப் போர்ச்சுகீசியர் ‘கைஷா’ என்று எழுதினார்கள். கைஷா என்பது அவர்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த சொல். அதற்குப் பொருள் பெட்டி! அதே லத்தீன் காப்சாவின் போர்ச்சுகீசியப் பிள்ளை. இன்றும் லிஸ்பனில் கடையில் பணம் கட்டும் இடத்துக்கு கைஷா என்றுதான் பெயர். ஆக, ரோமாபுரிப் பெட்டியும் தமிழ்க் காசும் போர்ச்சுகீசிய மாலுமியின் நாக்கில் ஒரே உடையைப் போட்டுக்கொண்டன. பின்னால் வந்த ஆங்கிலேயர் நாணயத்துக்கான கைஷாவைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி கேஷ் என்று சுருக்கினார்கள். அவர்களிடம் ஏற்கெனவே பெட்டிவழி வந்த கேஷ் வேறு இருந்தது. குழப்பம் பிறந்தது இங்கேதான்.

இந்த இரண்டாவது கேஷ் ஆங்கிலத்தில் எதைக் குறிக்கிறது தெரியுமா? சீனர்களின் பழைய ஓட்டைக் காசை. சைனாடவுனில் பகோடா ஸ்திரீட் கடைகளில் சிவப்புக் கயிற்றில் ஐந்தைந்தாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்களே, அது. வட்டம், நடுவில் சதுர ஓட்டை, ஓட்டையைச் சுற்றி நாலு சீன எழுத்து. மேலே, கீழே, பிறகு வலது, இடது என்ற வரிசையில் படிக்க வேண்டும். சியென்லோங் பேரரசர் காலத்தது என்றால் மேலும் கீழும் அவர் ஆட்சிப் பெயர் இருக்கும். திருப்பிப் பார்த்தால் மஞ்சு எழுத்து. கடையில் விற்பவை பெரும்பாலும் புதிதாக வார்த்த நகல்கள்தான், ஆனால் அமைப்பு அதுவே. ஒருமுறை அண்ணன் மகளிடம் இதைக் காட்டி, ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் கேஷ், அந்தப் பெயர் தமிழ்நாட்டிலிருந்து வந்தது என்றேன்.

“சித்தப்பா, சீனக் காசுக்குத் தமிழ்ப் பேரா? சீனர்களே அப்படியா சொல்றாங்க?”

“இல்லம்மா. அவங்களுக்கு அது செப்புக்காசு, அவங்க மொழியில தோங்ச்சியன். இங்கிலீஷ்காரங்கதான் அப்படிச் சொல்றாங்க.”

“அப்ப ரீசஸ்ல டான் லாவோஷிகிட்ட சொல்லிப் பாக்கவா?”

ரீசஸ் என்றால் பள்ளி இடைவேளை. சீன ஆசிரியர் என்ன சொன்னார் என்று பிறகு நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தத் தெருவின் பெயரும் சும்மா இல்லை. பகோடா ஸ்திரீட் என்ற பெயர் முனையில் நிற்கும் மாரியம்மன் கோயில் கோபுரத்தால் வந்தது. 1827-இல் நாராயண பிள்ளை தொடங்கிய கோயில். அன்றைய ஆங்கிலேயருக்குக் கோபுரமும் பகோடாதான். சென்னையில் கம்பெனிக்காரர்கள் புழங்கிய பொன் நாணயத்துக்கும், நம் வராகனுக்கும், அவர்கள் வைத்த பெயர் பகோடா. ரூபாய்க்கு மாறிய 1818 வரை சென்னைக் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆங்கிலத்தில் அதையே 80 கேஷ் ஒரு ஃபேனம், 42 ஃபேனம் ஒரு பகோடா என்று எழுதினார்கள். ஃபேனம் வேறொன்றுமில்லை, நம் பணமேதான். ஒரு வராகனுக்கு 3,360 காசு. இந்தக் கணக்கை மனசுக்குள் போட்ட கடைக்காரர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

அந்தக் காலத்துச் செப்புக்காசைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், அவ்வளவு அரிதில்லை. 1808-ஆம் ஆண்டு பொறித்து இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சடித்த பத்துக் காசும் இருபது காசும் பீப்பாய் பீப்பாயாகச் சென்னைக்குக் கிளம்பின. ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கிவிட்டது. 1980-களில் முக்குளிப்பவர்கள் எடுத்துவந்த பிறகு நாணயம் சேர்ப்போரிடம் பரவின. இருபது காசின் ஒரு பக்கம் கம்பெனியின் முத்திரை. மறுபக்கம் ரோம எண்ணில் இருபது, அருகில் ஆங்கிலத்தில் கேஷ். அதற்கு மேல் பாரசீக எழுத்தில் ஒரு வாக்கியம்: ‘பிஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்’, அதாவது இருபது காசு நாலு ஃபலூஸ் என்ற செப்பு நாணயம். ஆங்கிலம் கேஷ் என்று எழுதிய அதே செம்பில் பாரசீகம் காஸ் என்று எழுதியிருக்கிறது. ஒரு சொல்லின் இரண்டு வேடங்களும் ஒரு நாணயத்தின் ஒரே பக்கத்தில்!

சிங்கப்பூர்த் தமிழருக்கு இதில் கூடுதல் உரிமை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் காசு பொதுப்பெயராகிவிட்டது, சில்லறையைப் பைசா என்பார்கள். இங்கே டாலர் வெள்ளி, சென்ட் காசு. தமிழ் முரசு நாளிதழிலும் வசந்தம் தொலைக்காட்சியிலும் ‘மூன்று வெள்ளி ஐம்பது காசு’ என்றுதான் வரும். இராசராசன் காலத்தில் இருந்தது போலவே காசு இங்கே ஒரு நாணய அலகின் பெயராக உயிரோடு இருக்கிறது. உணவங்காடி நிலையத்தில் ரொட்டி வாங்கும்போது “கேஷ்ல கொடுங்க, இருபது காசு சில்லறை இருக்கா?” என்று கடைக்காரர் கேட்டால், அந்த ஒரு வாக்கியத்துக்குள் லத்தீன் பெட்டியும் தமிழ் நாணயமும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. கைபேசியில் பணம் அனுப்பும் பேநவ் வந்த பிறகு இந்தக் கேள்வியே குறைந்துவருகிறது, அது வேறு கதை.

ஆகவே பிள்ளை கேட்டால் சொல்ல வேண்டியது இது: நாம் தினமும் சொல்லும் கேஷ், அதாவது ரொக்கம், லத்தீன் வழி வந்தது. சீனாவின் ஓட்டைக் காசையும் பழைய சென்னைச் செப்புக்காசையும் குறிக்கும் கேஷ் தமிழ் வழி வந்தது. ஆங்கிலேயர் இந்தியாவில் பழகிய சொற்களுக்கென்றே யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இந்தச் சின்ன நாணயத்துக்குத் தனிப் பதிவு போட்டிருக்கிறது.

இதே கண்ணோடு மற்ற ‘எல்லாம் தமிழே’ செய்திகளைப் பார்த்தால் பல உதிர்ந்துவிடும். ‘எய்ட்’ என்பது எட்டு என்பார்கள். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அது ‘எஅஹ்தா’, லத்தீனில் ‘ஆக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. பழைய வடிவத்துக்குப் போகப் போக அது எட்டை விட்டு விலகுகிறது. இன்றைய உச்சரிப்பு நெருங்கி வந்தது தற்செயல். உண்மையான உறவு என்றால் பின்னால் போகப் போக நெருக்கம் கூட வேண்டும், குறையக் கூடாது. கட்டுமரம் கேட்டமரான் ஆனதிலும், சுருட்டு செரூட் ஆனதிலும், மிளகுத்தண்ணீர் மல்லிகடானி ஆனதிலும் அப்படித்தான் கூடுகிறது. பழைய ஆங்கில ஏடுகளில் எழுத்துகூட்டல் தமிழை இன்னும் ஒட்டியே இருக்கும்.

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குப் பயிற்சியாகக் கொடுக்க எனக்குப் பிடித்த சொல் ‘கோடவுன்’. ஆற்றங்கரையில் போட் கீ, கிளார்க் கீ பக்கம் பழைய சரக்குக் கிடங்குகளுக்கு அந்தப் பெயர். ஆங்கிலத்தில் ‘கோ’ என்றால் போ, ‘டவுன்’ என்றால் கீழே, ஆகவே இறங்கிப் போகும் இடம் என்று ஒரு பொய்க்கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். அகராதியைத் திறந்தால் போர்ச்சுகீசிய ‘குதாவ்’, அதற்குப் பின்னால் மலாய் ‘குடாங்’, அதற்கும் பின்னால் தெலுங்கு ‘கிட்டங்கி’, தமிழ்க் ‘கிடங்கு’ என்று வரிசையாக நிற்கும். நான்கிலும் பொருள் ஒன்றேதான், சரக்கு வைக்கும் இடம். மலாய்க்காரர்கள் கடையை ‘கெடாய்’ என்பதும், கப்பலைக் ‘கபால்’ என்பதும் அந்த வணிகத் தடத்தில் போன சரக்குதான்.